வீட்டு மேசையில் ஒரு கொலாஜ்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொலாஜ் செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள், எதையும் தூக்கி எறியாதீர்கள். வீட்டுக்குள் வந்து போகும் காகிதம்தான் இந்தக் கலைக்கு மூலப்பொருள். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் என்னென்ன காகிதம் நுழைகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தமிழ் முரசு, ஆங்கில நாளிதழ், கேட்டில் செருகிவிட்டுப் போன டியூஷன் நோட்டீஸ், சீன எழுத்து அச்சடித்த தேயிலைப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, பண்டிகைகளுக்கு வந்த அன்பளிப்பு உறைகள், காலணிப் பெட்டிக்குள் இருந்த மெல்லிய தாள், போன வருடத்துக் காலண்டர். நான்கு மொழி எழுத்தும் பழைய காகிதக் கட்டில் ஒன்றாகக் கிடக்கிற ஊர் இது. கொலாஜ் செய்ய இதைவிட வசதியான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

காகிதத் துண்டுகளை ஒட்டி உருவாக்கும் படம் கொலாஜ். அதோடு பெயின்ட், பென்சில், துணி, நூல், மணல், மரக்குச்சி என்று வேறு பொருள்களும் சேர்ந்தால் அது கலப்பு ஊடகக் கொலாஜ். 1912இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். ஜெர்மனியில் கர்ட் ஷ்விட்டர்ஸ் பயணச் சீட்டுகளையும் தெருவில் கிடைத்த தாள்களையும் ஒட்டியே ஒரு கலை வாழ்க்கையை நடத்தினார். நம் ஊரில் கோ பெங் குவான் இருக்கிறார். 1960களில் நியூயார்க்கில் படித்தவர், கொலாஜுக்காகவே பெயர் பெற்றவர், 1989இல் கலாசாரப் பதக்கம் வாங்கியவர். காகிதம் ஒட்டுவது பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பார்க்கப் போகிறோம்: அடுக்குமாடி புளோக்கின் ஜன்னல்களிலிருந்து மூங்கில் கம்புகள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றில் துணி காயும் காட்சி. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டடம் என்பதால் நேர்கோடுகளே அதிகம், வரையத் தெரியாதவர்களுக்கும் வசப்படும். காயும் துணிக்கு நிஜத் துணியையே ஒட்டலாம். கம்புக்குச் சாத்தே குச்சி இருக்கவே இருக்கிறது.

காகிதம் சேர்ப்பது, பிரிப்பது

சேர்த்ததை எல்லாம் பூ, ஆள், கட்டடம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். அப்படிப் பிரிக்காதீர்கள். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று உறைகள் போதும். ஒரு காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்த நிறமாக இருந்தாலும் அது வெளிச்சமாகத் தெரிகிறதா, இருட்டாகத் தெரிகிறதா என்பது உடனே புரியும். செய்தித்தாள் இதில் ஓர் அற்புதமான பொருள். பொடி எழுத்துப் பத்தி தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும், கொட்டை எழுத்துத் தலைப்பு கறுப்பாகத் தெரியும், இரண்டு பத்திகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் வெளிர்க் கோடாக நிற்கும். ஒரே நாளிதழிலிருந்து மூன்று அடர்த்தியும் கிடைத்துவிடும்.

சில காகிதங்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். கடை ரசீதும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தால் அச்சாகிறவை. ஹேர் டிரையர் பட்டால் முழுசாகக் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் எழுத்து மங்கிப் போகும். நாசி லெமாக் கட்டிவரும் பழுப்புத் தாளின் உள்பக்கம் பூச்சுப் பூசியது, பசை அதில் பிடிக்காது. செய்தித்தாளை அப்படியே ஒட்டினால் நாளடைவில் மஞ்சளாகிப் பொடியும். அதில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் வெளிச்சம் பட்டதும் நிறம் மாறுகிறது. பழகும்போது பரவாயில்லை. நெடுநாள் வைக்கப்போகும் படமென்றால் அந்தப் பக்கத்தை நல்ல வெள்ளைத் தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

குடும்பப் புகைப்படத்துக்கும் அதே விதிதான், அசலைத் தொடவே கூடாது. வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் பெரும்பாலும் ஈரம் பட்டால் கசியும். லேசர் பிரிண்ட் கசியாது. வீட்டில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

இன்னும் சில விஷயங்கள் கண்ணியம் சார்ந்தவை. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படமோ குலதெய்வத்தின் பெயரோ இருக்கும் பகுதியை நான் வெட்டுவதில்லை, தனியே எடுத்து வைத்துவிடுவேன். சீனர்கள் ஏழாம் மாதத்தில் எரிக்கும் தங்கத் தாள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது முன்னோருக்கு உரியது. சுவரில் மாட்டும் படத்தில் அதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சங்கடப்படலாம், எனக்கும் மனம் வராது. தங்க நிறம் வேண்டுமென்றால் சாக்லேட் சுற்றிய தாளே போதும். பண நோட்டை வெட்டி ஒட்டுவது இங்கே சட்டப்படி குற்றம், அந்த யோசனையே வேண்டாம். நூலகப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

வாங்க வேண்டியவை

பட்டியல் சின்னதுதான். ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள், வெள்ளை பிவிஏ பசை, மேட் மீடியம் (பசையாகவும் மேல்பூச்சாகவும் உதவும், பளபளப்பில்லாத அக்ரிலிக் திரவம்) ஒரு புட்டி, அதைவிடக் கெட்டியான ஜெல் மீடியம் சின்னதாக ஒன்று, தாளில் முதலில் பூசும் அடிப்பூச்சான கெஸ்ஸோ, வெள்ளை, கறுப்பு, நீலம், மஞ்சள்காவி என நான்கு அக்ரிலிக் பெயின்ட், தட்டையான பிரஷ் இரண்டு. கத்தரிக்கோல் வீட்டில் இருக்கும். கட்டரும் இரும்பு ஸ்கேலும் இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்துக் கட்டர் ஓட்டினால் பிளேடு ஸ்கேலைச் சீவிக்கொண்டு விரலுக்கு ஏறிவிடும். பேக்கிங் பேப்பர் ஒரு சுருள் கட்டாயம் வேண்டும். கேக் செய்ய வாங்கியது அடுப்படியில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கு ஒருமுறை போனால் இது அத்தனையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஓவியப் பொருள், எழுதுபொருள், பழைய புத்தகம் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். எதிரிலேயே தேசிய நூலகம் இருப்பதால் அப்படியே கொலாஜ் புத்தகங்கள் நாலைந்தைப் புரட்டிவிட்டு வரலாம். பிரஷ், கட்டர், கிளிப் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு டைசோ போதும். ஆனால் மீடியத்திலும் பெயின்ட்டிலும் ரொம்பவும் மலிவானதைத் தேடாதீர்கள். மலிவு பெயின்ட்டில் நிறமி குறைவு. அச்சடித்த காகிதத்தின்மேல் பூசினால் அடியில் இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும், மூன்று நான்கு முறை பூச வேண்டிவரும்.

துணிக்குத் தேக்கா. சந்தையின் மேல்மாடியில் புடவைக் கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். ரவிக்கை தைத்து மிஞ்சிய வெட்டுத் துணி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பை நிறையக் கிடைக்கலாம். அராப் ஸ்திரீட் பக்கம் போனால் பாத்திக் துணி வாங்கலாம். நம் படத்தில் காயப்போகும் துணிகளில் புடவைத் துண்டும் பாத்திக் துண்டும் அடுத்தடுத்து இருந்தால் படம் எந்த ஊர் என்று சொல்லாமலே தெரியும்.

பசையும் ஈரப்பதமும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கொலாஜ் குறிப்புகள் உலர்ந்த குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. அவற்றில் சொல்லும் ‘அரை மணி நேரம் காயவிடுங்கள்’ நமக்குப் பொருந்தாது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகல்தான் உலர்ந்த நேரம், அப்போதும் 60 விழுக்காட்டு அளவில் இருக்கும். அதனால் ஒட்டும் வேலையைக் காலை பத்து, பதினொரு மணிக்கு வைத்துக்கொண்டால் காய்வதற்குப் பிற்பகல் முழுக்கக் கிடைக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டினால் காலைவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி மழை நாட்களில் குளிர்சாதன அறையில் வைத்துக் காயவிடலாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும்.

பசை காய்ச்சித் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. மைதாவும் தண்ணீரும் கிளறிய பசை, சோற்றுப் பசை எல்லாம் காகிதத்தை நன்றாகவே பிடிக்கும். பட்டம் ஒட்ட அது போதும். ஆனால் சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம். மாவுச்சத்து வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து, இந்த ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஊரில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வைத்துக்கொள்ளக்கூடாது. பிவிஏவும் அக்ரிலிக் மீடியமும் பூச்சிக்கு ருசிப்பதில்லை.

எதை எதற்கு? மெல்லிய காகிதத்துக்கு மேட் மீடியம், அல்லது இரண்டு பங்கு பிவிஏவில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தது. அட்டைக்கும் துணிக்கும் பிவிஏவைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே. குச்சி, பொத்தான் மாதிரி கனமானவற்றுக்கு ஜெல் மீடியம். பசைக்குச்சி அவசரத்துக்கு உதவும், ஆனால் ஓரங்கள் சில மாதங்களில் கிளம்பிவிடும். ஸ்பிரே பசையை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். அந்தத் துளிகள் தரையிலும் நுரையீரலிலும்தான் போய்ப் படியும்.

அடித்தாளைத் தயாரிப்பது

வாட்டர்கலர் தாளின் இரண்டு பக்கமும் கெஸ்ஸோ பூசுங்கள். முன்பக்கம் பூசுவது பசை நன்றாகப் பிடிக்க. பின்பக்கம் எதற்கு என்றால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டுக் காய்ந்தால் தாள் அந்தப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் பூசினால் இழுப்பு சமமாகிவிடும். இந்த ஊரில் வளைந்துபோகும் கொலாஜ்களில் பாதிக்கு மேல் பின்பக்கத்தை மறந்ததால் வளைந்தவை என்றே சொல்வேன். அட்டையில் செய்தாலும் இதே கதைதான், பின்னால் ஒரு தாளை ஒட்டிவிட வேண்டும்.

கெஸ்ஸோ காய்ந்ததும் தாளை நெடுக்காக வைத்து, வெள்ளையில் துளி நீலமும் துளி மஞ்சள்காவியும் கலந்து முழுக்க ஒரு கை பூசுங்கள். அதுதான் வானம். மழைக்கு முன்பு இங்கே வானம் இருக்கும் அந்தச் சாம்பல் கலந்த வெளிர்நிறம் வந்தால் போதும், பளிச்சென்ற நீலம் வேண்டாம்.

ஒட்டாமல் அடுக்கிப் பார்ப்பது

படம் நல்லபடி வருமா வராதா என்பது இங்கேதான் முடிவாகிறது. பசைப் புட்டியை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

தாளின் இடது பக்கம், மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் கட்டடம். வலது பக்கம் வானம், அதைக் காலியாகவே விடுங்கள். கம்புகள் கட்டடத்திலிருந்து அந்த வெற்றிடத்துக்குள் நீள வேண்டும். முதல் படம் செய்பவர்கள் எல்லோரும் வெற்றிடத்தைக் கண்டு பதறி எதையாவது ஒட்டி நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் காலி வானம் இருந்தால்தான் தொங்கும் துணியில் காற்று இருக்கும்.

கட்டடச் சுவருக்கு நடுத்தர உறையிலிருந்து காகிதம் எடுத்து, 7 செ.மீ. அகலத்தில் கிடைமட்டப் பட்டைகளாகக் கிழியுங்கள், வெட்ட வேண்டாம். ஒரு பட்டை ஒரு மாடி. அச்சடித்த தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை ஓரம் தெரியும், மறு துண்டில் தெரியாது. எந்தக் கையை முன்னால் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். மாடிகளுக்கு நடுவே வெள்ளை ஓரம் வருவதுபோலக் கிழித்தால் சிமெண்டு விளிம்பில் வெயில் பட்டதுபோல இருக்கும், தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. இன்னொன்று: எல்லாக் காகிதமும் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. பட்டைகளை அந்தத் திசையிலேயே எடுங்கள்.

ஜன்னல்களைக் கட்டரால் துல்லியமாக வெட்டுங்கள். கிழிந்த சுவரும் வெட்டிய ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது இரண்டுமே எடுப்பாக இருக்கும். ஜன்னலுக்குள் இருட்டு என்பதால் அடர்த்தி உறையிலிருந்து தாள். அதன்மேல் செய்தித்தாள் பத்தியை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி அடுக்கினால் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வந்துவிடும்.

எழுத்துள்ள காகிதத்தில் ஒரு கவனம் தேவை. படிக்க முடிகிற சொல் எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும். ‘விபத்து’ என்று ஒரு ஜன்னலில் தெரிந்தால் படம் முழுக்க விபத்தைப் பற்றியதாகிவிடும். தலைகீழாகத் திருப்பி ஒட்டலாம், சொல்லுக்கு நடுவில் வெட்டலாம். இல்லை, வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். பத்திரிகையில் வரும் முகங்களுக்கும் இதே இழுப்பு உண்டு. இந்தப் படத்தில் ஆளே வேண்டாம், துணிகள்தான் ஆட்கள்.

கம்பும் துணியும் அடுத்தது. சாத்தே குச்சியின் கூர்முனையை நறுக்கிவிட்டு 10 செ.மீ. நீளத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். மாடிக்கு ஒன்று, ஆனால் எல்லா மாடிக்கும் வேண்டாம், ஒன்றைக் காலியாக விடுங்கள். துணியை முதலில் இஸ்திரி போட்டு, பின்பக்கம் மெல்லியதாக பிவிஏ தடவிக் காயவிட்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். அப்போது ஓரத்தில் நூல் பிரியாது. ஒரு சட்டை, ஒரு கைலி, நீளமாக மடித்துப்போட்ட ஒரு புடவை. சட்டை என்றால் கழுத்து, கை எல்லாம் விவரமாக வெட்டத் தேவையில்லை. ஒரு செவ்வகமும் இரண்டு பக்கமும் சின்னக் கையும் இருந்தால் யாருக்கும் அது சட்டைதான். சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் கண்பார்வையை முழுதும் இழந்த பிறகு, வண்ணக் காகிதத்தைத் தடவிப் பார்த்து வெட்டியே மனித உருவங்களைச் செய்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஓர் உருவத்துக்கு எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்பது அவற்றில் தெரியும்.

அடுக்கி முடித்ததும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஜன்னல்கள் இன்னும் அடர்த்தியாக வேண்டும், அல்லது துணி இன்னும் வெளிராக வேண்டும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தோன்றும், கறுப்பு வெள்ளையில் ஒன்றாகவே கரைந்துவிடலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், அதைத் தவிர்க்காதீர்கள். படம் எடுப்பதில் இன்னொரு பயன், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒட்டத் தொடங்கும்போது எது எங்கே இருந்தது என்று தெரியும். ஒரு விஷயம் முக்கியம்: மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுக்குங்கள்.

ஒட்டுவது

பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது கடைசியில். சுவர்ப் பட்டைகள், ஜன்னல் இருட்டு, ஜன்னல் கீற்றுகள். கம்பும் துணியும் இன்றைக்கு இல்லை.

அடித்தாளில் பட்டை உட்காரும் இடத்தில் மேட் மீடியத்தைப் பரவலாகத் தடவுங்கள். பட்டையின் பின்பக்கமும் தடவுங்கள். தடவிய பட்டையை உடனே ஒட்டாமல் ஒரு நிமிடம் விடுங்கள். காகிதம் ஈரத்தைக் குடித்து நாருக்குக் குறுக்கே விரியும். விரிந்து முடித்த பிறகு ஒட்டினால் சுருக்கம் குறைவாக வரும். அவசரப்பட்டு ஒட்டினால் அது ஒட்டிய இடத்திலேயே விரியும், போக இடமில்லாமல் குமிழ் குமிழாக எழும்பும். வைத்த பிறகு மேலே பேக்கிங் பேப்பரைப் போட்டு, பழைய ஈஸிலிங்க் பயண அட்டையின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். காற்றும் மிச்சப் பசையும் ஓரத்தில் வெளியே வரும், அதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகும் ஒரு குமிழ் மிஞ்சினால் கட்டர் நுனியால் ஒரு கீறல் போட்டு, பல்குத்தும் குச்சியில் பசை எடுத்து உள்ளே விட்டு அழுத்தினால் சரியாகிவிடும்.

மெல்லிய டிஷ்யூ தாளுக்கு இது பொருந்தாது. பசை தடவினால் கையிலேயே கிழிந்துவிடும். அடித்தாளில் மட்டும் தடவி, உலர்ந்த டிஷ்யூவை மெதுவாக இறக்கி, மேலே பிரஷால் மீடியம் பூச வேண்டும். நனைந்ததும் அது பாதி ஒளிபுகும் திரையாகிவிடும். தூரத்து புளோக்குகள் மழையில் மங்கித் தெரிவதை வானத்தின் அடிப்பகுதியில் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

ஒட்டி முடித்ததும் மேலும் கீழும் பேக்கிங் பேப்பர், அதன்மேல் கனமான புத்தகங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை திறந்து, ஈரமான பேக்கிங் பேப்பரை மாற்றுங்கள். அப்படியே மூடி வைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை. இரவு முழுக்கப் பாரம் இருக்கட்டும். ஹேர் டிரையர் பிடிப்பதானால் தள்ளிப் பிடியுங்கள், சூடு குறைவாக இருக்கட்டும். அடியில் ஈரம் இருக்கும்போது மேலே சூடு ஏறினால் மீடியம் கொப்புளித்துவிடும்.

பெயின்ட், பென்சில், மணல்

மறுநாள் திறந்து பார்க்கும்போது துண்டுகள் தனித்தனியாகத் தெரிவது இயல்பு. அவற்றை ஒரே படமாக்குவது பெயின்ட்டின் வேலை. வெள்ளை அக்ரிலிக்கில் தண்ணீர் கலந்து நீர்த்த கரைசலாக்கி, சுவர்ப் பட்டைகள்மேல் ஒரு கை ஓட்டி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். அச்செழுத்து பாதி மறைந்து, பாதி தெரியும். எங்கே மறைய வேண்டும், எங்கே தெரிய வேண்டும் என்பது உங்கள் கையில். ஜன்னலின் மேல்விளிம்புக்குக் கீழே நீர்த்த கறுப்பில் ஒரு கோடு போட்டால் நிழல் விழுந்துவிடும். வண்ணப் பென்சில் அக்ரிலிக்மேல் நன்றாகப் பிடிக்கும், தொட்டிச்செடி இலைகளை அதில் போடலாம்.

எண்ணெய்ப் பாஸ்டலைப் பயன்படுத்த ஆசை இருந்தால் கடைசிக் கட்டத்தில்தான். அதன்மேல் அக்ரிலிக்கும் பசையும் பிடிக்காது, உரிந்து வரும். கோலமாவு (அரிசிமாவு இல்லை, கல்மாவு) வீட்டில் இருந்தால் ஒரு கரண்டி எடுத்து ஜெல் மீடியத்தில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, சுவரின் அடிப்பகுதியில் பழைய அட்டையால் இழுவிப் பாருங்கள். சிமெண்டுப் பூச்சின் சொரசொரப்பு அப்படியே வரும். மஞ்சள்தூளைச் சாயமாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். மஞ்சள்காவிப் பெயின்ட்டே நிற்கும்.

எழுத்தையோ படத்தையோ காகிதம் இல்லாமல் மையாக மட்டும் இறக்கவும் ஒரு வழி உண்டு. உங்கள் புளோக் எண்ணைச் சுவரில் காட்ட அது கச்சிதமாகப் பொருந்தும். எண்ணை இடவலம் திருப்பி லேசரில் அச்செடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும். சுவரில் ஜெல் மீடியத்தைச் சீராகத் தடவி, அச்சை முகம் கவிழ்த்து அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு பின்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேயுங்கள். காகிதம் சிறுசிறு திரிகளாக உருண்டு வரும், மை மட்டும் ஜெல்லில் தங்கியிருக்கும். காய்ந்ததும் வெண்படலம் தெரிந்தால் இன்னொரு முறை நனைத்துத் தேய்க்கலாம். கடைசியில் மீடியம் ஒரு கை பூசினால் மிச்சப் படலமும் மறைந்துவிடும். இந்த வேலைக்கு இங்க்ஜெட் அச்சு ஆகாது, கசிந்துவிடும்.

கம்பும் துணியும்

முதலில் துணிகளை ஒட்டுங்கள், ஆனால் மேல்விளிம்பில் மட்டும் பசை வையுங்கள். அடிப்பகுதி ஒட்டாமல் தொங்கட்டும். கைலியின் கீழ்முனையை விரலால் லேசாக முறுக்கிவிட்டால் காற்றில் ஆடுவதுபோல இருக்கும். புடவைத் துண்டை நடுவில் மடித்துக் குச்சிமேல் போட்டுவிட்டு அப்புறம் குச்சியை ஒட்டுவது நல்லது. குச்சிக்குக் கீழே ஜெல் மீடியத்தை ஒரு கோடாகப் பிழிந்து, குச்சியை வைத்து, மேலே பேக்கிங் பேப்பர் போட்டு இரண்டு முனையிலும் அரிசி நிரப்பிய சின்னப் பைகளைப் பாரமாக வையுங்கள். குறைந்தது ஒரு நாள் அசைக்கக்கூடாது. கனமான ஜரிகை பார்டர் பசைக்கு அடங்காது. ஊசியால் தாளில் முதலில் துளையிட்டுக்கொண்டு, இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். துளையிடாமல் நேராகத் தைத்தால் தாள் மடங்கிவிடும்.

துணிக்கவ்விகளை மறக்காதீர்கள். சிவப்புக் காகிதத்தில் நெல்மணி அளவுக்கு நறுக்கி, இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டிய அளவு பொடிசு. படம் முழுக்கச் சாம்பலும் காவியுமாக இருக்கும்போது அந்த நாலைந்து சிவப்புப் புள்ளிகளுக்குத்தான் கண் திரும்பத் திரும்பப் போகும்.

பூச்சு, பத்திரம், சட்டம்

காகிதப் பகுதிகள்மேல் மேட் மீடியம் இரண்டு கை, மெல்லியதாக. முதல் கை நெடுக்காக, காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்காக. துணிமேல் பூச வேண்டாம், விறைத்துப் போகும். மார்க்கர் பேனா எங்காவது உபயோகித்திருந்தால் வேறொரு தாளில் கோடு போட்டு, அதன்மேல் பூசிப் பாருங்கள். சில மைகள் இழுவிவிடும். பிரஷில் மிஞ்சிய கெஸ்ஸோவையும் பெயின்ட்டையும் பழைய செய்தித்தாளில் துடைத்த பிறகே கழுவுங்கள், சமையலறைக் குழாய் அடைபடாமல் இருக்கும்.

அக்ரிலிக் காய்ந்தாலும் கல்லாக இறுகுவதில்லை, நம் வெக்கையில் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டும் கிழியும். நடுவில் பேக்கிங் பேப்பர் வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் வருபவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் அவை இங்கே பயன்படும். விற்கவோ கண்காட்சிக்கு அனுப்பவோ எண்ணம் இருந்தால் பத்திரிகையிலிருந்து அடுத்தவர் எடுத்த புகைப்படங்களை முழுசாக வெட்டி ஒட்டாதீர்கள். அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. நீங்களே எடுத்த படத்தின் அச்சைப் பயன்படுத்தினால் எந்தத் தொந்தரவும் வராது.

மாட்டுவதற்கு மேற்கு வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், சமையலறை ஆவி வரும் பக்கமும் வேண்டாம். சட்டம் போடக் கடையில் கொடுக்கும்போது, கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவே இடைவெளி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாத்தே குச்சியின் கனத்துக்கும் தொங்கும் துணிக்கும் 1 செ.மீ. ஆழம் தேவைப்படும். ஆயத்தச் சட்டம் வாங்குவதானால் ஆழப்பெட்டிச் சட்டம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணச் சட்டத்தில் அழுத்திச் செருகினால் கண்ணாடியில் துணி நசுங்கும், அக்ரிலிக் பூசிய இடமெல்லாம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.